மூன்று நாளாகச் சாப்பிடவில்லை, தரையைப் பிறாண்டுகிறது: எங்கள் பச்சோந்திக்கு என்ன ஆயிற்று?

பனிக்கொடி (ரொறன்ரோ), சனி இரவு

வணக்கம். இங்கே எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் அவசரம்.

மகள் ஒரு வருடமாகக் கேட்டுக் கேட்டு, போன மே மாதம் ஒரு பச்சோந்தி வாங்கினோம். ஏமன் பச்சோந்தி, தலையில் கூம்பு மாதிரிக் கொண்டை இருக்கிற வகை. மூன்று மாதக் குட்டி, ஆண் என்று சொல்லித்தான் கடையில் தந்தார்கள். மகள் முகிலன் என்று பெயர் வைத்தாள்.

ஆறு மாதமாக நல்லாச் சாப்பிட்டு நல்லா வளர்ந்தான். இந்த வியாழனிலிருந்து ஒன்றும் வாயில் வைக்கவில்லை. எப்போதும் மேல் கொப்பில் இருக்கிறவன் கீழே இறங்கி, தொட்டியின் மூலையில் முன்னங்கால்களால் கண்ணாடியைப் பிறாண்டிக்கொண்டே இருக்கிறான். ஏறுகிறான், மறுபடி இறங்குகிறான். நிறமும் மாறிவிட்டது. வெளிர்பச்சை உடம்பு கரும்பச்சையாகி, அதில் மஞ்சளும் நீலமுமாகப் பொட்டுகள். வயிறு இரண்டு பக்கமும் உப்பியிருக்கிறது.

தொட்டி கண்ணாடி, 45 சென்டிமீட்டர் அகலம், 60 உயரம். ஒரு சூட்டு விளக்கு, ஒரு சுருள் யூவி விளக்கு. கீழே விரிப்புத்தான், மண் இல்லை. தண்ணீர்க் கிண்ணம் இருக்கிறது, காலையில் ஒருமுறை தெளிப்பேன். நாளைக்கு 12, 15 கிரிக்கெட் பூச்சி கொடுப்போம். கால்சியம் தூள் வாரத்துக்கு ஒருமுறை.

நாங்கள் போகிற மிருக வைத்தியர் திங்கள்தான் திறப்பார். அதுவரை என்ன செய்யலாம்?


வேலிப்பருத்தி (கோவை), சனி இரவு

அம்மா, நான் வளர்ப்பவன் இல்லை, காட்டில் பார்த்துக் குறித்துக்கொள்பவன். ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்ததும் முட்டை என்றுதான் தோன்றுகிறது. பின்னங்காலைப் பாருங்கள். பாதத்தின் பின்புறம், நமக்குக் குதிகால் இருக்கிற இடத்தில், சின்ன முள் மாதிரி ஒரு முளை நீட்டிக்கொண்டு இருக்கிறதா? ஏமன் வகையில் ஆணுக்குப் பிறக்கும்போதே அது இருக்கும். இல்லையென்றால் பெண்.


பனிக்கொடி (ரொறன்ரோ), சனி இரவு

டோர்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு காலிலும் இல்லை, வழுவழுப்பாக இருக்கிறது. அப்படியென்றால் முகிலன் பெண்ணா? ஆண் துணையே இல்லாமல் எப்படி முட்டை வரும்?


இலைமறைவு (மியூனிக்), ஞாயிறு அதிகாலை

வரும். நாட்டுக்கோழி சேவல் இல்லாமலே முட்டை இடுவதில்லையா, அதே மாதிரிதான். ஏமன் பச்சோந்திப் பெண் ஐந்தாறு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். குஞ்சு பொரியாத முட்டைதான், ஆனால் உடம்புக்கு அது தெரியாது. இட்டே ஆக வேண்டும். இட இடம் கிடைக்கவில்லை என்றால் உள்ளேயே அடக்கிக்கொள்ளும், அப்படி அடக்கியே செத்துப்போகும். இதை மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. மூலையில் கண்ணாடியைப் பிறாண்டுவது வேறு எதற்கும் இல்லை, மண்ணைத் தேடுகிறது.

இப்போதே செய்ய வேண்டியது. வீட்டில் ஒரு பெரிய வாளி இருக்கிறதா? 20 லிட்டர் அளவு, வெளியே தெரியாத பிளாஸ்டிக். காலையில் கடை திறந்ததும் பிள்ளைகள் விளையாடுகிற கழுவிய மணல் ஒரு மூட்டை வாங்குங்கள். உரம் கலந்த தொட்டி மண் வேண்டாம், அதில் வெள்ளை வெள்ளையாகப் பொரி மாதிரிக் கிடக்குமே, அது கலந்ததும் வேண்டாம். மணலில் தண்ணீர் விட்டுப் பிசைந்து, வாளியில் குறைந்தது ஒரு அடி உயரத்துக்கு நிரப்புங்கள். பதம் எப்படி என்றால், விரலை விட்டு ஒரு குழி தோண்டிப் பாருங்கள். குழி சரியாமல் நிற்க வேண்டும், ஆனால் அடியில் தண்ணீர் தேங்கக் கூடாது. கோலமாவில் தண்ணீர் அதிகம் விட்டால் ஓடிவிடும், குறைவாக விட்டால் உதிர்ந்துவிடும் இல்லையா, அந்த நடுப்பதம்.

பிறகு அவளை மெல்ல எடுத்து வாளிக்குள் விடுங்கள். ஒரு கொப்பைச் சாய்த்து வையுங்கள், ஏறி வர வழி வேண்டும். கொஞ்சம் இலை போடுங்கள். விளக்கு மேலே இருக்கட்டும், சூடு மிதமாக.

இதற்குமேல் உள்ளதுதான் கஷ்டமான பகுதி: எட்டிப் பார்க்காதீர்கள். தோண்டும்போது யாரோ பார்க்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தால் குழியை விட்டுவிட்டு ஏறிவிடுவாள். இரண்டு மூன்று தடவை அப்படி நடந்தால் இடுவதையே நிறுத்திவிடுவாள். வாளியைச் சுற்றி ஒரு துணியைக் கட்டிவிட்டு அறைக் கதவைச் சாத்திவிடுங்கள். ஒரு நாள் முழுக்க ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம். குழிக்குள்ளேயே தூங்கிவிடுவாள், பயப்பட வேண்டாம். காலையிலும் மாலையிலும் துளித்துளியாகத் தண்ணீர் காட்டுங்கள், அவ்வளவுதான்.

கண் பகலிலும் மூடியே இருந்தால், வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், கொப்பைப் பிடிக்கத் தெம்பில்லாமல் தொங்கினால் அப்போது வாளி வேண்டாம், திங்கள் வரை பொறுக்கவும் வேண்டாம். ஊர்வன பார்க்கிற அவசர மருத்துவமனை எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே தேடி வையுங்கள்.


மாலைவெயில் (லண்டன்), ஞாயிறு காலை

பனிக்கொடி, இலைமறைவு அண்ணன் சொன்னதை அப்படியே செய்யுங்கள். நான் சொல்வதும் கேளுங்கள், ஏனென்றால் இதே வேதனையை நான் பட்டிருக்கிறேன்.

என்னுடையவளுக்கும் இதே அடையாளங்கள்தான். முதலில் காட்டிய கிளினிக்கில் மலச்சிக்கல் என்றார்கள், வெந்நீரில் குளிப்பாட்டச் சொன்னார்கள். பச்சோந்தியைக் குளிப்பாட்டவே கூடாது என்று அப்போது எனக்குத் தெரியாது. நான்கு நாள் அப்படிப் போயிற்று. ஐந்தாம் நாள் காலையில் தொட்டியின் தரையில் படுத்திருந்தாள். பச்சோந்தி தரையில் படுப்பது என்றால் கிளையைப் பிடிக்கக்கூட உயிர் இல்லை என்று அர்த்தம். தூக்கியபோது என் விரலைப் பிடித்தாள், ஆனால் அந்தப் பிடியில் எடையே இல்லை. இரண்டாவது மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தபோது உள்ளே நிறைய முட்டைகள், திராட்சைக் குலை மாதிரி. அறுவை சிகிச்சைக்கு எடுத்துப் போகும்போதே போய்விட்டாள்.

பச்சோந்தி நோயைக் காட்டாது. காட்டில் பலவீனமானதைப் பருந்தும் பாம்பும் முதலில் எடுத்துக்கொள்ளும், அதனால் கடைசி வரைக்கும் ஒன்றுமில்லாதது போலவே கிளையில் உட்கார்ந்திருக்கும். நமக்குத் தெரியும்போது முக்கால்வாசி முடிந்திருக்கும். அதனால் உங்களுடையது இன்னும் ஏறி இறங்கி, தோண்டிக்கொண்டு இருக்கிறது என்பது நல்ல சேதி. தெம்பு இருக்கிறது என்று அர்த்தம். காலம் இருக்கிறது.


பனிக்கொடி (ரொறன்ரோ), ஞாயிறு மதியம்

எல்லோருக்கும் நன்றி. அக்கா, உங்கள் பதிவை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் செய்ய முடியாமல் இருந்தேன்.

காலை ஒன்பது மணிக்கே போய் மணல் வாங்கிவந்தாயிற்று. வாளி, துணி, கொப்பு எல்லாம் வைத்து 11 மணிக்கு உள்ளே விட்டோம். கண் திறந்துதான் இருக்கிறது, பிடியும் நல்ல பலமாக இருக்கிறது. மகளின் அறைக்குள் யாரும் போகக் கூடாது என்று கதவில் அவளே எழுதி ஒட்டியிருக்கிறாள். பெயரை முகில் என்று மாற்றிவிட்டாள்.

ஒரு கேள்வி. கால்சியம் இப்போது கொடுக்கலாமா? பூச்சியைத்தான் தொடுவதே இல்லையே.


மருந்துப்பெட்டி (கால்நடை மருத்துவர்), ஞாயிறு மதியம்

முட்டை இடப்போகும் பெண் இரண்டொரு நாள் சாப்பிடாமல் இருப்பது இயல்பு, வாயைத் திறந்து திணிக்க வேண்டாம். அந்தப் போராட்டமே அதற்குக் கெடுதல்.

ஆனால் கால்சியம் விஷயம் முக்கியம். முட்டை ஓட்டுக்குக் கால்சியம் எலும்பிலிருந்துதான் போகிறது. அதே கால்சியம்தான் முட்டையைத் தள்ளுகிற தசை சுருங்குவதற்கும் வேண்டும். இரத்தத்தில் குறைந்துவிட்டால் இட இடம் இருந்தும், மண் இருந்தும், தள்ளத் தெம்பிருக்காது. நீங்கள் வாரம் ஒருமுறைதான் கொடுத்தீர்கள், கால்சியம் உடம்பில் சேர வேண்டிய யூவி ஒளிக்குச் சுருள் விளக்கும் போதாது, அதனால் கையிருப்பு குறைவாகத்தான் இருக்கும். திங்கள் இரவுக்குள் இடவில்லை என்றால் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். எக்ஸ்ரே எடுப்பார், கால்சியம் ஊசி போடுவார், நீர்ச்சத்து ஏற்றுவார். முட்டையைத் தள்ளவைக்கிற ஆக்ஸிடோசின் ஊசி ஆமைகளுக்குக் கேட்கிற மாதிரி பல்லி இனத்துக்கு எப்போதும் கேட்காது. அதற்கும் மசியவில்லை என்றால் அறுவை சிகிச்சைதான்.

போகும்போது கூண்டின் படமும், கடைசியாகப் போட்ட எச்சத்தின் படமும் எடுத்துப் போங்கள். எச்சத்தோடு வெள்ளையாக ஒன்று வரும் பாருங்கள், அது யூரேட், நமக்குச் சிறுநீர் மாதிரி. வெள்ளையாக இருந்தால் உடம்பில் தண்ணீர் இருக்கிறது. முட்டை மஞ்சள்கரு நிறத்துக்கு, ஆரஞ்சுக்குப் போனால் வறண்டுவிட்டது.


பனிக்கொடி (ரொறன்ரோ), ஞாயிறு மதியம்

பார்த்தேன். ஆரஞ்சு நிறம். கிண்ணத்தில் தண்ணீர் எப்போதும் நிறைத்துத்தான் வைப்பேனே.


இலைமறைவு (மியூனிக்), ஞாயிறு இரவு

கிண்ணத்துத் தண்ணீரை அது தண்ணீர் என்றே அறியாது, பனிக்கொடி. அதன் ஊரில் தண்ணீர் என்றால் விடிகாலையில் இலைமேல் நிற்கிற பனித்துளி. அசைகிற, மினுங்குகிற துளியைத்தான் நக்கும். அதனால் காலையில் விளக்குப் போடுவதற்கு முன்னும் மாலையில் அணைப்பதற்கு முன்னும் இரண்டு மூன்று நிமிடம் தொடர்ந்து தெளியுங்கள், இலை சொட்டும் வரைக்கும். பகலில் ஒரு சொட்டுக்குழாய். ஒரு பிளாஸ்டிக் டம்ளரின் அடியில் ஊசியால் துளை போட்டுக் கூண்டின் மேல் வைத்தாலே போதும், வினாடிக்கு ஒரு சொட்டு இலைமேல் விழ வேண்டும். கீழே பிடிக்க ஒரு பாத்திரம்.

குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடுகிற வீடு வேறு. இங்கேயும் அதுதான் பிரச்சினை. காற்று அப்பளம் மாதிரி ஆகிவிடும். இரவில் ஈரம் ஏற வேண்டும், 80 விழுக்காட்டுக்கு மேல், ஆனால் குளிர்ச்சியோடு, 18 டிகிரி அளவில். பகலில் 40, 50 போதும். சூடும் ஈரமும் சேர்ந்து, காற்றும் நின்றுவிட்டால் நுரையீரலில் சளி கட்டும்.


அண்ணாநகர்வாசி (சென்னை), திங்கள் காலை

இழையைத் திசைதிருப்புவதற்கு மன்னிக்கவும். இதைப் படித்ததும் எனக்கும் ஆசை வந்துவிட்டது. எங்கள் அத்தை ஊர் தருமபுரிப் பக்கம். அங்கே வேலியில் பச்சோந்தி நிறைய உண்டு. வெளிநாட்டு வகைக்குச் செலவு செய்வதற்குப் பதில் ஒன்றைப் பிடித்து வந்து வளர்க்கலாமா?


வேலிப்பருத்தி (கோவை), திங்கள் காலை

வேண்டாம் தம்பி. இரண்டு விஷயம்.

முதலாவது, வேலியில் நீங்கள் பார்த்தது பச்சோந்தியே இல்லாமல் இருக்கலாம். நம்மூரில் ஓணானுக்குத்தான் பாதிப் பேர் பச்சோந்தி என்று சொல்கிறார்கள். இனச்சேர்க்கைக் காலத்தில் ஆண் ஓணானுக்குத் தலையும் கழுத்தும் செக்கச்செவேல் என்று ஆகிவிடும், அதனால் வந்த குழப்பம். ஓணான் விருட்டென்று ஓடும், தலையை ஆட்டும், விரல்கள் தனித்தனியாக நீளும். நிஜப் பச்சோந்தியின் கையைப் பாருங்கள்: ஐந்து விரலும் இரண்டு கொத்தாகச் சேர்ந்து இடுக்கி மாதிரி இருக்கும். கண் இரண்டும் தனித்தனியாகச் சுழலும், ஒன்று முன்னே பார்க்கும், ஒன்று பின்னே. வால் சுருண்டிருக்கும். நடக்கும்போது காற்றில் இலை ஆடுவது போல முன்னும் பின்னும் ஆடி ஆடி ஒரு அடி வைக்கும். ஒருமுறை பார்த்தால் மறக்க முடியாது. ஒரு மாலை நான் ஒரு கருவேல மரத்தடியில் 40 நிமிடம் நின்றேன். ஒரு கிளையிலிருந்து பக்கத்துக் கிளைக்குப் போக அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது.

இரண்டாவது, நம் நாட்டுப் பச்சோந்தி 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட விலங்கு. பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். சந்தையில் யாராவது விற்றால் வாங்காதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். காட்டில் பிடித்தது வீட்டுக்கு வந்தால் பெரும்பாலும் சாப்பிடாது. குடலில் இருக்கிற புழுக்கள், பயத்தால் உடம்பு தளர்ந்ததும் பெருகிவிடும். மெல்லச் சாகும்.

வெளிநாட்டு வகைக்கும் விதி உண்டு. ஏமன் பச்சோந்தி, மடகாஸ்கரின் சிறுத்தைப் பச்சோந்தி எல்லாம் காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறவை. 2022இல் நம் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து அவற்றை வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும். 2024இல் அதற்கான விதிமுறை வந்து, ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு நடக்கிறது. காகிதம் இல்லாமல் யாராவது குறைந்த விலைக்குத் தருகிறேன் என்றால் அது எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள்.

உங்களுக்கு ஆசை நிஜம் என்றால் மழைக்குப் பிறகு அத்தை ஊருக்குப் போங்கள். இரவில் டார்ச் எடுத்துக்கொண்டு வேலியோரம் நடங்கள். தூங்கும்போது அதன் உடம்பு வெளுத்துப்போயிருக்கும், விளக்கு வெளிச்சத்தில் கிளை நுனியில் பளிச்சென்று தெரியும். தொடாமல் பார்த்துவிட்டு வாருங்கள். முட்டையிட மரத்தை விட்டு இறங்கிச் சாலையைக் கடக்கும்போதுதான் நிறைய அடிபட்டுச் சாகின்றன. வழியில் பார்த்தால், போகிற திசையிலேயே ஓரத்தில் விட்டுவிடுங்கள், அது போதும்.


அண்ணாநகர்வாசி (சென்னை), திங்கள் காலை

சரி அண்ணா. பிடிக்கிற எண்ணத்தை விட்டுவிட்டேன். அத்தையிடம் சொல்லிப் பொங்கலுக்குப் போகும்போது பார்க்கிறேன்.


வெயிலுகந்தான் (ஹூஸ்டன்), திங்கள் காலை

பனிக்கொடிக்கு ஒன்று. கண்ணாடித் தொட்டியைத் தூக்கிப் போடுங்கள். பச்சோந்திக்குக் காற்று ஓட வேண்டும், நாலு பக்கமும் வலை இருக்கிற கூண்டுதான் சரி. நான் எட்டு வருடமாக வலைக் கூண்டில்தான் வைத்திருக்கிறேன். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை பகலில் பின்கட்டில், பாதி நிழலில். வெயிலுக்கு ஈடாக எந்த விளக்கும் இல்லை.


இலைமறைவு (மியூனிக்), திங்கள் மதியம்

ஹூஸ்டனுக்கு நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. ரொறன்ரோ நவம்பருக்கு அப்படி இல்லை. நாலு பக்கமும் வலை என்றால் தெளிக்கிற ஈரம் பத்து நிமிடத்தில் ஹீட்டர் காற்றோடு போய்விடும். குளிர்நாட்டில் மூன்று பக்கம் மூடி, முன்பக்கம் கீழே ஒரு காற்றுத் துவாரம், மேலே முழுவதும் வலை என்று வைப்பதுதான் தோது. சூடான காற்று மேலே ஏறும்போது கீழிருந்து புதுக் காற்று வரும். கண்ணாடியே தப்பில்லை, காற்று நிற்பதுதான் தப்பு. ஆனால் அளவு தப்பு என்பதில் உங்களோடு நிற்கிறேன். வளர்ந்ததற்கு 60க்கு 60, உயரம் 120 சென்டிமீட்டர் வேண்டும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், கோடை வரும்போது யாராவது செய்துவிடக் கூடாது. கண்ணாடித் தொட்டியை அப்படியே வெயிலில் வைக்காதீர்கள். சில நிமிடத்தில் அடுப்பாகிவிடும். அதோடு சன்னல் கண்ணாடி வழியாக வருகிற வெயிலில் யூவிபி என்கிற புற ஊதாக் கதிர் இருக்காது, கண்ணாடி அதைத் தடுத்துவிடும்.


வெயிலுகந்தான் (ஹூஸ்டன்), திங்கள் மதியம்

ஏற்கிறேன். எங்கள் ஊர் ஈரக்காற்றை வைத்துச் சொல்லிவிட்டேன்.


பனிக்கொடி (ரொறன்ரோ), திங்கள் மாலை

இட்டுவிட்டாள்! 

நேற்று இரவு முழுக்க மணல் சுரண்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நானும் மகளும் கதவுக்கு வெளியே நிலத்தில் இருந்து கேட்டோம். விடிய சத்தம் நின்றுவிட்டது, அப்போதும் போகவில்லை. மூன்று மணிபோல மகள் பள்ளியால் வந்து துணியை ஒரு விரல் அளவுக்கு விலக்கிப் பார்த்தாள். முகில் கொப்பின் மேலே இருக்கிறாள். கொண்டையிலும் மூக்கிலும் மணல் அப்பியிருக்கிறது. கீழே குழியே இல்லை, யாரோ உள்ளங்கையால் தட்டிச் சமன்படுத்தின மாதிரி மூடியிருக்கிறது.

அவளைக் கூண்டுக்கு மாற்றிவிட்டுக் கரண்டியால் மெல்லத் தோண்டினோம். 43 முட்டை. வெள்ளை, தோல் மாதிரி மெதுவானது, பெரிய பயற்றங்கொட்டையை விடக் கொஞ்சம் பெரிசு. வாளியின் அடியில், ஒன்றோடு ஒன்று ஒட்டி. இந்தச் சின்ன உடம்புக்குள்ளே இவ்வளவும் எப்படி இருந்தது என்று மகள் ஒவ்வொன்றாக எண்ணி எண்ணி வைத்தாள்.

டம்ளரில் துளை போட்டுச் சொட்டு வைத்தேன். தலையை நிமிர்த்தி அந்தச் சொட்டுக்குக் கீழே வாயைக் கொண்டுவந்து, கண்ணை மூடி மூடித் திறந்து குடித்தாள். இருபது நிமிடம் குடித்தாள், நான் மணிக்கூடு பார்த்தேன். ஆறு மாதமாக இவள் தாகத்தோடுதான் இருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.


மாலைவெயில் (லண்டன்), திங்கள் இரவு

கண்ணீர் வந்துவிட்டது. முகிலுக்கு ஒரு முத்தம், தூரத்திலிருந்து.


மருந்துப்பெட்டி (கால்நடை மருத்துவர்), திங்கள் இரவு

மிக நல்ல சேதி. வயிற்றை இரண்டு பக்கமும் பாருங்கள், இப்போது ஒட்டியிருக்க வேண்டும். இன்னும் கட்டி கட்டியாகத் தெரிந்தால் மிச்சம் இருக்கிறது என்று பொருள். எப்படியும் இந்த வாரம் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். சமையல் தராசில் எடை போட்டுக் குறித்து வையுங்கள், இனி வாரம் ஒருமுறை. கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே எடை சொல்லிவிடும். தொட்டபின் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், ஊர்வனவற்றின் குடலில் சால்மொனெல்லா என்கிற நோய்க்கிருமி இருக்கும்.


இலைமறைவு (மியூனிக்), செவ்வாய் அதிகாலை

சந்தோஷம். முதல் இரண்டு வாரம் நன்றாகச் சாப்பிடட்டும், தினமும் கொடுங்கள். அதற்குப் பிறகு கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்று அல்லது நான்கு பூச்சி, அவ்வளவுதான். சூட்டு விளக்கின் கீழே 27 டிகிரிக்கு மேல் போக வேண்டாம். நிறையத் தீனியும் நிறையச் சூடும் கிடைத்தால் அவள் உடம்பு இதுதான் நல்ல காலம் என்று நினைத்து முட்டையைப் பெருக்கும். அறுபது, எழுபது என்றுகூட இடும், ஒவ்வொரு தடவையும் எலும்பு கரையும். குறைத்துக் கொடுப்பது கஞ்சத்தனம் இல்லை, அவள் ஆயுளை நீட்டுவது.

பூச்சிக்குப் போடுகிற தீனிதான் அவளுக்குப் போகிறது. கிரிக்கெட்டுக்குக் காரட்டும் கீரையும் ஒரு நாள் முன்பே போடுங்கள். முருங்கைக்கீரை கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை, கால்சியம் நிறைய. பசலை மட்டும் வேண்டாம், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். பூச்சியின் நீளம் அவளுடைய இரண்டு கண்ணுக்கு இடைப்பட்ட அகலத்தைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு தடவையும் வைட்டமின் டி3 இல்லாத வெறும் கால்சியம் தூள், மாதத்துக்கு இரண்டு தடவை மட்டும் டி3 சேர்ந்தது. தின்னாமல் விட்ட கிரிக்கெட்டை இரவில் உள்ளே விட்டுவைக்காதீர்கள், தூங்குகிறதைக் கடிக்கும்.

விளக்கு பற்றி என் கதை ஒன்று சொல்ல வேண்டும். 2011இல் என் முதல் பச்சோந்தி. சுருள் விளக்கு இல்லை, நல்ல குழல் விளக்குத்தான் போட்டிருந்தேன். ஆனால் இரண்டு வருடமாக மாற்றவில்லை, எரிகிறதே என்று. ஒரு நாள் கிரிக்கெட்டைக் கிளையில் விட்டேன். இரண்டு கண்ணும் முன்னால் திரும்பிக் குறி பார்த்தது, வாயைத் திறந்தது, நாக்கு நுனி மட்டும் வெளியே வந்து அப்படியே தொங்கிற்று. உடம்பைவிட நீளமாகப் பாய வேண்டிய நாக்கு. பூச்சி அரை அடி தூரத்தில் நின்றுகொண்டே இருந்தது. மறுபடி வாயைத் திறந்தது, மறுபடி அதே. எலும்பு மெலிந்து, தசைக்கும் கால்சியம் போகாமல் ஆகிவிட்டிருந்தது. முன்னங்கால் வளைந்திருந்ததை நான் நாளும் பார்த்தும் பார்க்கவில்லை. யூவிபி கண்ணுக்குத் தெரியாத ஒளி. குழல் வெளிச்சமாக எரிந்துகொண்டே இருக்கும், உள்ளே அந்தக் கதிர் தீர்ந்துபோயிருக்கும். அதனால் டி5 (T5) வகை நீளக் குழல், யூவிபி 5 அல்லது 6 விழுக்காடு என்று போட்டிருப்பது, அவள் உட்காரும் கிளைக்கு ஒரு முழத்துக்கும் குறைவான தூரத்தில். வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். போட்ட தேதியைக் குழலிலேயே எழுதுங்கள்.

செடிக்கு மணிபிளான்ட் நல்லது, செம்பருத்தி இன்னும் நல்லது. ஏமன் வகை இலையும் தின்னும், செம்பருத்திப் பூவை விட்டுவைக்காது.

கடைசியாக, மகளிடம் சொல்ல வேண்டியது. கையில் எடுத்து விளையாடுகிற பிராணி இல்லை இது. தோளில் உட்காரவைத்துப் படம் எடுக்கும்போது அது சுகமாக இருக்கிறது என்று நினைக்கிறோம், உண்மையில் பிடிக்க வேறு கிளை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. நம் மொழியில் நிறம் மாறுகிறவனைப் பச்சோந்தி என்று திட்டுகிறோம். இந்தப் பிராணி நிறத்தால் பொய் சொல்வதே இல்லை. பின்புலத்துக்கு ஏற்ப மாறி ஒளிந்துகொள்கிறது என்பதும் பெரும்பாலும் தவறான எண்ணம். 2015இல் ஜெனீவா பல்கலைக்கழகத்தில் கண்டார்கள், தோலுக்குள் இருக்கிற நுண்ணிய படிகங்களின் இடைவெளியை நெருக்கியும் விலக்கியும்தான் அது நிறத்தை மாற்றுகிறது என்று. குளிர்ந்தால் கறுக்கும், பயந்தால் கறுக்கும், எதிரியைக் கண்டால் பளபளக்கும், முட்டை இருந்தால் பொட்டுப் போடும். நோயை மறைக்கும், மனநிலையை மறைக்காது. மகளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். காலையில் என்ன நிறம், நான் கிட்டே போனால் என்ன நிறம் என்று எழுதட்டும். ஒரு மாதத்தில் உங்களைவிட அவளுக்கு அதிகம் தெரிந்துவிடும்.


பனிக்கொடி (ரொறன்ரோ), ஞாயிறு (ஒரு வாரம் கழித்து)

நீண்ட பதிவு, மன்னிக்கவும்.

வைத்தியரிடம் காட்டினோம். உள்ளே ஒன்றும் மிச்சம் இல்லை. கால்சியம் குறைவுதான் என்றார், மருந்து தந்திருக்கிறார். எடை 88 கிராம். யூரேட் வெள்ளையாகி மூன்று நாள் ஆகிறது.

புதுக் கூண்டு வந்துவிட்டது, அண்ணா சொன்ன உயரம். மூன்று பக்கம் மூடினது. நீளக் குழல் போட்டாயிற்று, மகள் அதன் ஓரத்தில் கறுப்பு மார்க்கரால் தேதியை எழுதினாள். செம்பருத்தி இந்தக் குளிரில் எங்கேயும் கிடைக்கவில்லை, மணிபிளான்ட் வைத்திருக்கிறோம். முகில் முதல் நாளே ஒரு இலையின் ஓரத்தைக் கடித்துப் பார்த்துவிட்டாள்.

நோட்டுப் புத்தகத்தில் நேற்று எழுதியிருந்தது: "காலை வெளிர்பச்சை. அப்பா சிவப்புச் சட்டையோடு வந்தார், கறுத்தாள். சட்டையை மாற்றினார், பச்சை."

அந்த வாளியை என்ன செய்வது, வெளியே வைத்துவிடலாமா?


இலைமறைவு (மியூனிக்), ஞாயிறு இரவு

வைக்காதீர்கள். மணலைப் புதிதாக மாற்றி, ஈரம் காயாமல் பார்த்து, கூண்டின் அடியிலேயே நிரந்தரமாக ஒரு பெட்டியாக வைத்துவிடுங்கள். மூன்று நான்கு மாதத்தில் மறுபடி வரலாம். பிப்ரவரி தொடக்கத்திலிருந்தே பொட்டு தெரிகிறதா என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.


பனிக்கொடி (ரொறன்ரோ), ஞாயிறு இரவு

சரி அண்ணா. நோட்டுப் புத்தகத்தின் பெப்ரவரிப் பக்கத்தில் இப்போதே பெரிய எழுத்தில் எழுதிவிட்டாள்: "மணல்."